ரிவால்வரின் வாயை மூட முடியுமா?

நள்ளிரவு. வில்லன் பூனைபோல மாடிப்படி ஏறி வருகிறான். கோட்டுப் பையிலிருந்து ரிவால்வரை எடுக்கிறான். இன்னொரு பையிலிருந்து ஒரு சிறு குழாயை எடுத்துத் துப்பாக்கியின் முனையில் நிதானமாகத் திருகுகிறான். குறி பார்க்கிறான். 'புஸ்!' சைக்கிள் டியூபிலிருந்து காற்றுப் போனது போல ஒரு சத்தம், அவ்வளவுதான். அடுத்த அறையில் தூங்குகிறவர் புரண்டுகூடப் படுக்கவில்லை!

இந்தக் காட்சியை நீங்கள் எத்தனையோ படங்களில் பார்த்திருப்பீர்கள். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இயற்பியல் தெரிந்த மாணவர் ஒருவர் கொட்டகையில் உட்கார்ந்திருந்தால் சிரித்து விடுவார். ஏனென்றால், ரிவால்வர் என்பது வாயை மூடினாலும் விலாவால் கத்துகிற கருவி. அதை எப்படி அடக்குவது? அடக்க முடியாவிட்டால் நம் காதை எப்படிக் காப்பது? இந்த இரண்டு கேள்விகளுக்கும் விடை தேடப் போனால் ஒலியைப் பற்றியும் செவியைப் பற்றியும் பல செய்திகள் கிடைக்கின்றன.

முதலில், துப்பாக்கி ஏன் சத்தம் போடுகிறது?

கோலி சோடாவை உடைக்கும்போது பார்த்திருக்கிறீர்களா? கோலியை உள்ளே அழுத்தியதும் 'டப்' என்ற ஓசையோடு வாயு பீறிட்டு வருகிறது. உள்ளே அடைபட்டிருந்த வாயு திடீரென வெளிக்காற்றைத் தள்ளுகிறது. தள்ளப்பட்ட காற்று பக்கத்துக் காற்றைத் தள்ளுகிறது. அந்த அழுத்த அலை நம் செவியை வந்து எட்டுகிறது. துப்பாக்கியிலும் நடப்பது இதுதான். ஆனால் அளவுதான் வேறு. சோடாப் புட்டியில் இருப்பது வளிமண்டல அழுத்தத்தைப் போலச் சில மடங்கு. சாதாரணமான 38 ரக ரிவால்வரில் தோட்டா வெடிக்கும் நொடியில் எழும் அழுத்தமோ வளிமண்டல அழுத்தத்தைப் போல ஆயிரம் மடங்குக்கும் மேல்! வெடிமருந்து எரிந்து உண்டான சூடான வாயு, குண்டைக் குழல் வழியே விரட்டிக்கொண்டு வருகிறது. குண்டு குழலை விட்டு வெளியேறிய கணத்தில் அதன் பின்னாலேயே அந்த வாயுவும் வெளியே பாய்கிறது. அதுதான் 'டுமீல்'. ரிவால்வரின் குழல் குட்டையானது. வாயு விரிந்து ஓய்வதற்கு உள்ளே இடம் போதாது. அதனால் வெளியே வரும்போதும் கோபம் தணியாமலே வருகிறது. போதாக்குறைக்கு, சுடுகிறவரின் காது அந்த முனையிலிருந்து ஒரு கை நீளத் தொலைவில்தான் இருக்கிறது.

தந்தை கெடுத்தார், மகன் அடக்கினார்

இந்த வாயுவை அடக்க வழி கண்டவர் ஹிரம் பெர்சி மாக்சிம் என்ற அமெரிக்கர். இவருடைய தந்தை ஹிரம் ஸ்டீவன்ஸ் மாக்சிம் உலகப் புகழ் பெற்றவர். 1884-ஆம் ஆண்டு வாக்கில் தானாகவே தொடர்ந்து சுடும் இயந்திரத் துப்பாக்கியை உருவாக்கியவர் அவர்தான். தாம் செய்த துப்பாக்கிகளைத் தாமே ஓயாமல் சுட்டுச் சோதித்ததன் பலன், பிற்காலத்தில் அவருக்குக் காது கேட்காமல் போயிற்று. தந்தை சத்தம் போடும் கருவியைச் செய்தார். மகன் 1909-இல் சத்தத்தை அடக்கும் கருவிக்குக் காப்புரிமை பெற்றார். குளியல் தொட்டியிலிருந்து தண்ணீர் சுழன்று சுழன்று ஓசையில்லாமல் வடிவதைப் பார்த்து அவருக்கு இந்த யோசனை தோன்றியது என்று ஒரு கதை சொல்வார்கள்.

அவர் அந்தக் கருவிக்கு வைத்த பெயர் சைலன்சர். இந்தச் சொல் உங்களுக்குப் புதிதல்ல. மோட்டார் சைக்கிளின் பின்னால் புகை வரும் குழாயை நாமெல்லோரும் சைலன்சர் என்றுதானே சொல்கிறோம்! இரண்டும் ஒரே தத்துவத்தில் வேலை செய்பவை. எஞ்சினிலிருந்து வெடித்து வெளிவரும் வாயு, அறை அறையாகத் தடுப்புகள் உள்ள ஓர் உருளைக்குள் புகுந்து, விரிந்து, குளிர்ந்து, வேகம் குறைந்து மெல்ல வெளியேறுகிறது. மோட்டார் சைக்கிள் சைலன்சரைக் கழற்றிவிட்டு ஓட்டினால் தெரு முழுவதும் எழுந்து உட்கார்ந்து விடும். ஆனால் சைலன்சர் மாட்டிய மோட்டார் சைக்கிள் மௌனமாகவா ஓடுகிறது? இல்லையே! பெயர்தான் 'சைலன்சர்'. உண்மையில் அது சத்தத்தைக் குறைக்கும் கருவியே தவிர, ஒழிக்கும் கருவி அன்று. துப்பாக்கிக்கும் அதே கதிதான்.

ரிவால்வருக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. 1830-களில் சாமுவேல் கோல்ட் காப்புரிமை பெற்ற நாளிலிருந்து ரிவால்வரின் அமைப்பு பெரிதாக மாறவில்லை. ஐந்தாறு தோட்டாக்களைத் தாங்கிய ஓர் உருளை. அதன் முன்னால் குழல். ஒவ்வொரு முறை சுடும்போதும் உருளை சற்றே சுழன்று அடுத்த தோட்டாவைக் குழலுக்கு நேராகக் கொண்டு வருகிறது. உருளை சுழல வேண்டுமென்றால் அது குழலை உரசக் கூடாது அல்லவா? வெடிமருந்தின் கரி படியும். சூட்டினால் உலோகம் விரியும். இவற்றுக்கெல்லாம் இடம் விட்டு, இரண்டுக்கும் நடுவே ஓர் இடைவெளி வைத்திருக்கிறார்கள். எவ்வளவு? 0.1 முதல் 0.25 மில்லி மீட்டர் வரை. உங்கள் நோட்டுப் புத்தகத்தின் ஒன்றிரண்டு தாள்களின் கனம்!

இந்தச் சிறு இடுக்கு போதும். ஆயிரம் மடங்கு அழுத்தத்தில் இருக்கும் வாயு அதன் வழியே கத்தி போலப் பக்கவாட்டில் சீறுகிறது. இருட்டில் ரிவால்வரைச் சுட்டு எடுத்த புகைப்படங்களில் முனையில் ஒரு தீச்சுடரும், உருளையின் இரு பக்கமும் இரண்டு சுடர்களும் தெரியும். வில்லன் முனையில் எவ்வளவு நல்ல குழாயைத் திருகினாலும் இந்த இடுக்கு திறந்தேதான் இருக்கிறது. விலாவால் கத்துகிறது என்று சொன்னேனே, இதுதான் அது.

விதிவிலக்கே இல்லையா? ஒன்று உண்டு. பெல்ஜியம் நாட்டு லியோன் நகான் ரஷ்யப் படைக்காக வடிவமைத்த 1895-ஆம் ஆண்டு ரிவால்வரில், சுடுவதற்கு முன் உருளையே முன்னால் நகர்ந்து குழலோடு ஒட்டிக் கொள்ளும். அதன் தோட்டாவும் தனி மாதிரி. குண்டு முழுவதும் பித்தளைக் கூட்டுக்குள்ளேயே அமர்ந்திருக்கும். கூட்டின் வாய் குழலுக்குள் நுழைந்து இடுக்கை அடைத்து விடும். சத்தத்தைக் குறைப்பதற்காக அவர் இதைச் செய்யவில்லை. வாயு வீணாகாமல் குண்டைத் தள்ள வேண்டும் என்பதே நோக்கம். ஆனாலும் சைலன்சர் உருப்படியாக வேலை செய்கிற ரிவால்வராக அது அமைந்து விட்டது. இதற்குக் கொடுத்த விலை? விசையை இழுக்க நல்ல பலம் வேண்டும். தோட்டாக்களை ஒவ்வொன்றாகத்தான் போட்டு எடுக்க வேண்டும். உலகில் மற்றவர்கள் அந்த வழியில் போகவில்லை.

சரி, இடுக்கையும் அடைத்தாயிற்று, முனையிலும் சைலன்சர் மாட்டியாயிற்று. இப்போதாவது மௌனமா? குண்டு மெதுவாகப் போகிற வகையாக இருந்தால் ஓரளவு பரவாயில்லை. சாதாரண அறை வெப்பத்தில் ஒலி வினாடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் செல்கிறது. 38 ரக ரிவால்வரின் குண்டு பொதுவாக இதைவிட மெதுவாகவே போகும். 357 மாக்னம் என்ற வகையின் குண்டோ வினாடிக்கு 400 மீட்டரை ஒட்டிப் போகும். ஒலியை முந்திச் செல்லும் எந்தப் பொருளும் காற்றில் அதிர்ச்சி அலையை எழுப்பும். மாட்டு வண்டிக்காரர் சாட்டையைச் சுண்டும்போது 'படீர்' என்கிறதே, அது சாட்டை எதன்மீதும் பட்டதால் வந்த ஓசை அன்று. சாட்டையின் நுனி ஒலியின் வேகத்தைத் தாண்டியதால் வந்த ஓசை. அதே 'படீர்' குண்டு போகும் வழியெல்லாம் கூடவே போகிறது. இந்த ஓசை துப்பாக்கிக்கு வெளியே, காற்றில் பிறப்பது. துப்பாக்கியின் முனையில் எதை மாட்டியும் இதை நிறுத்த முடியாது.

மடக்கையின் வேலை

எண்களைக் கொஞ்சம் பார்ப்போம். ஒலியின் அளவை டெசிபெல் என்ற அலகில் சொல்வார்கள். இது மடக்கை அளவு. டெசிபெல் 10 கூடினால் ஒலியின் செறிவு 10 மடங்காகிறது. 20 கூடினால் 100 மடங்கு. 30 கூடினால் 1000 மடங்கு. நாம் பேசிக் கொள்வது சுமார் 60 டெசிபெல். ரிவால்வரைச் சுடும்போது உச்ச அளவு, ரகத்துக்கு ஏற்றபடி, 155 முதல் 165 டெசிபெல் வரை போகிறது. 160 என்றே வைத்துக் கொள்வோம். பேச்சுக்கும் இதற்கும் வித்தியாசம் 100 டெசிபெல். அதாவது 10-ஐப் பத்து முறை பெருக்க வேண்டும். ஆயிரம் கோடி மடங்கு!

நல்ல சைலன்சர் 20 முதல் 35 டெசிபெல் வரை குறைக்கும். 30 குறைத்தது என்றால் செறிவு ஆயிரத்தில் ஒரு பங்காகி விட்டது. பெரிய சாதனைதான், மறுக்கவில்லை. ஆனால் மீதி இருப்பது 130 டெசிபெல். பேச்சை விட இன்னும் ஒரு கோடி மடங்கு. அதுவும் இடுக்கு இல்லாத துப்பாக்கியில். அடுத்த அறையில் தூங்குகிறவர் துள்ளி எழுந்து விடுவார் என்பதில் சந்தேகமே இல்லை.

காதுக்குள் ஒரு நெல்வயல்

இவ்வளவு சத்தமும் காதில் என்ன செய்கிறது? ஒலி அலை செவிப்பறையை அசைக்கிறது. அந்த அசைவு சுத்தி, பட்டடை, அங்கவடி என்ற மூன்று குட்டி எலும்புகளின் வழியே உட்செவிக்குப் போகிறது. அங்கவடி எலும்பின் உயரம் 3 மில்லி மீட்டர்தான். நம் உடம்பிலேயே மிகச் சிறிய எலும்பு. உட்செவியில் நத்தைக் கூடு போலச் சுருண்ட ஒரு குழல். அதில் திரவம் நிரம்பியிருக்கிறது. அதற்குள் வரிசை வரிசையாக உரோம செல்கள் நிற்கின்றன. அவற்றின் தலையில் உள்ள நுண்ணிய உரோமங்கள் அசைந்தால் நரம்பில் மின் துடிப்பு பிறக்கும், நாம் கேட்கிறோம்.

ஒரு காதில் இந்தச் செல்கள் எத்தனை இருக்கும் என்று நினைக்கிறீர்கள்? நம் கண்ணின் விழித்திரையில் ஒளியை உணரும் செல்கள் பத்துக் கோடிக்கு மேல் இருக்கின்றன. காதில்? சுமார் 15,000-தான். உள்வரிசையில் 3,500, வெளிவரிசைகளில் 12,000. தாய் வயிற்றில் இருக்கும்போதே இவை உண்டாகி விடுகின்றன. அதற்குப் பிறகு ஒன்றுகூடப் புதிதாக முளைப்பதில்லை.

இதமான காற்றில் நெற்பயிர் சாய்ந்து நிமிர்வதைப் பார்த்திருப்பீர்கள். சாதாரண ஒலிகளுக்கு உரோம செல்கள் அப்படித்தான் சாய்ந்து நிமிர்கின்றன. புயல் அடித்தால்? பயிர் படுத்து விடுகிறது. லேசாகப் படுத்தது சில நாளில் எழலாம். தண்டு முறிந்தது எழாது. துப்பாக்கியின் ஒலி அலை இந்தச் செல்களுக்குப் புயல். சுட்டபின் காதில் 'கொய்ங்' என்ற ரீங்காரம் கேட்பதும், பஞ்சு அடைத்தது போல மந்தமாக இருப்பதும் பயிர் படுத்துவிட்டதன் அறிகுறிகள்.

மறுநாள் சரியாகி விட்டால் பிழைத்தோம் என்று நினைக்கிறோம். அதுவும் முழு உண்மை அன்று. அமெரிக்காவில் குஜாவா, லிபர்மன் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் 2009-இல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். சுண்டெலிகளை இரண்டு மணி நேரம் 100 டெசிபெல் ஒலியில் வைத்தார்கள். சில நாட்களில் அவற்றின் கேட்கும் திறன் பழைய நிலைக்கு வந்து விட்டது. உரோம செல்களும் அப்படியே இருந்தன. ஆனால் செல்களை நரம்போடு இணைக்கும் முனைகளில், காதின் சில பகுதிகளில், பாதி வரை அழிந்து போயிருந்தன! வெளியே ஒன்றும் தெரியாமல் உள்ளே இழப்பு.

கோழிகளுக்கும் காடைகளுக்கும் இந்தக் கவலை இல்லை. பறவைகளின் காதில் உரோம செல்கள் அழிந்தால் மறுபடி முளைக்கின்றன என்பது 1980-களின் பிற்பகுதியில் தெரிய வந்தது. கோழிக்குக் கிடைத்த இந்த வரம் நமக்குக் கிடைக்கவில்லை!

நம் காதில் இயற்கை வைத்த பாதுகாப்பு ஒன்று உண்டு. பெரிய சத்தம் வந்தால் அங்கவடி எலும்போடு சேர்ந்த ஒரு சின்னஞ்சிறு தசை இறுகி, எலும்பின் அசைவைக் குறைக்கிறது. இடி முழக்கமோ மேளச் சத்தமோ தொடர்ந்து வரும்போது இது உதவும். ஆனால் தசை இறுகுவதற்கு ஒரு வினாடியில் நூறில் சில பங்காவது ஆகிறது. துப்பாக்கியின் ஒலி அலை ஆயிரத்தில் சில பங்கிலேயே தன் வேலையை முடித்துக்கொண்டு போய் விடுகிறது. திருடன் போன பிறகு கதவைச் சாத்துகிற காவல்காரன்தான் அந்தத் தசை.

ஒரே ஒரு முறை போதுமா? 1981 முதல் 1989 வரை அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த ரொனால்டு ரீகன் அதற்கு முன் திரைப்பட நடிகர் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். 1930-களின் பிற்பகுதியில் ஒரு படப்பிடிப்பின்போது அவருடைய வலது காதருகே யாரோ கைத்துப்பாக்கியைச் சுட்டு விட்டார்கள். அன்று கெட்ட காது பிறகு தேறவே இல்லை. 1983 செப்டம்பரில், ஜனாதிபதியாக இருக்கும்போதே, அவர் வலது காதில் கேட்கும் கருவி பொருத்திக் கொண்டார். பொதுவாகப் படப்பிடிப்புகளில் குண்டில்லாத வெற்றுத் தோட்டாவைத்தான் பயன்படுத்துவார்கள். குண்டு இல்லாவிட்டால் என்ன? வெடிமருந்து இருக்கிறதே!

துப்பாக்கியால் கெடும் காது முழுச் செவிடாகி விடுவதில்லை. 3000 முதல் 6000 அதிர்வெண் வரை உள்ள உயர்ந்த ஒலிகள்தான் முதலில் போகின்றன. 'ஆ', 'ஊ' போன்ற உயிரொலிகள் தாழ்ந்தவை; அவை நன்றாகக் கேட்கும். 'ஸ்' என்ற ஓசை உயர்ந்தது, மெலிந்தது. அது மறைந்து விடும். "காசு எங்கே?" என்று கேட்டால் "காது எங்கே?" என்பது போல விழும். கேட்கிறது, ஆனால் புரியவில்லை என்று தாத்தா பாட்டிமார் சொல்வார்களே, அந்த நிலை இருபது வயதிலேயே வந்து விடுகிறது.

மூடியும் மூடாத வழி

ஆகவே துப்பாக்கி சுடும் இடங்களில் காதுக்குக் காப்பு இல்லாமல் யாரையும் நிற்க விடக் கூடாது. சாதாரணப் பஞ்சு அநேகமாகப் பயனற்றது. அழுத்தினால் சுருங்கி மெல்ல விரியும் நுரை அடைப்பான்கள் நல்லவை. அவற்றை விரலால் மெல்லிய குச்சி போல உருட்டி, காது மடலை மேலும் பின்னுமாக இழுத்துக்கொண்டு, ஆழமாகச் செருகி, விரியும் வரை பிடித்திருக்க வேண்டும். ஒழுங்காகச் செருகினால், சோதனைச் சாலை அளவின்படி, நல்ல அடைப்பான் 33 டெசிபெல் வரை குறைக்கும். முனையில் மட்டும் செருகி வைத்தால் பாதிகூடக் கிடைக்காது. தலையில் மாட்டும் செவி மூடிகளும் உண்டு. கண்ணாடி அணிந்தவர்கள் கவனிக்க வேண்டும்: கண்ணாடியின் காம்பு மூடியின் ஓரத்தைத் தூக்கி இடுக்கு உண்டாக்கும். ரிவால்வரில் பார்த்த அதே கதைதான். சிறு இடுக்கு பெரிய தடுப்பைப் பாழாக்கி விடும்.

இங்கே ஒரு கணக்கு. அடைப்பான் 33, அதன் மேல் செவி மூடி 27. இரண்டையும் அணிந்தால் 60 டெசிபெல் குறையுமா? குறையாது! இரண்டாவது காப்பு 5 முதல் 10 டெசிபெல் வரைதான் கூடுதலாகத் தரும். காரணத்தை நீங்களே வீட்டில் கண்டுபிடிக்கலாம். இரண்டு காதுகளையும் விரலால் இறுக்க அடைத்துக்கொண்டு ஒரு முறுக்கைக் கடியுங்கள். 'கறுக் முறுக்' என்ற ஓசை குறைகிறதா? இன்னும் பலமாகக் கேட்கும்! ஒலி தாடை எலும்பின் வழியே நேராக உட்செவிக்குப் போகிறது. துப்பாக்கி ஒலியும் அப்படித்தான். காதுத் துளையை எவ்வளவு கெட்டியாக அடைத்தாலும் மண்டை ஓடு அதிர்கிறது. அந்த அதிர்வு உரோம செல்களை எட்டுகிறது. 40 முதல் 50 டெசிபெல்லுக்கு மேல் எந்தக் காப்பாலும் குறைக்க முடியாமல் போவது இதனால்தான். 160-இல் 40 போனால் 120. தப்பித்தோம். ஆனால் துப்பாக்கியிலும் குறைத்து, காதிலும் குறைத்து, தள்ளியும் நின்றால்தான் உண்மையான பாதுகாப்பு.

"நாங்கள் எங்கே ரிவால்வர் சுடப் போகிறோம்?" என்று கேட்பீர்கள். என்.சி.சி.யில் சேர்ந்தவர்கள் 22 ரைஃபிள் சுடுவார்கள். அதன் குழல் நீளமானது. சத்தம் ரிவால்வரை விடக் குறைவு. ஆனாலும் அடைப்பான் தேவைதான். மற்றவர்களுக்குத் தீபாவளி இருக்கிறது. 1999-இல் நம் நாட்டில் வகுத்த விதிப்படி, வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டர் தொலைவில் உச்ச அளவு 145 டெசிபெல்லைத் தாண்டுகிற வெடிகளைச் செய்யவோ விற்கவோ கூடாது. திறந்த வெளியில் தொலைவு பாதியானால் 6 டெசிபெல் கூடும். அப்படியானால் 2 மீட்டரில் 151. ஒரு மீட்டரில் 157. விதிக்கு உட்பட்ட ஒரு வெடியே பக்கத்தில் நின்றால் ரிவால்வராகி விடுகிறது! உலக சுகாதார நிறுவனம் இத்தகைய திடீர் ஒலிகளுக்குப் பெரியவர்களுக்கு 140, குழந்தைகளுக்கு 120 என்று எல்லை வகுத்திருக்கிறது. அந்த 145-ஐ 120 ஆக்க எவ்வளவு தூரம் தள்ளி நிற்க வேண்டும்? 8 மீட்டரில் 139, 16 மீட்டரில் 133, 32 மீட்டரில் 127, 64 மீட்டரில் 121. திரியைப் பற்ற வைத்துவிட்டுத் தம்பி எவ்வளவு தூரம் ஓடுகிறான் என்று இந்த முறை அளந்து பாருங்கள்.

நான் படித்த பள்ளியின் விளையாட்டு விழாவில் ஓட்டப் பந்தயத்தைத் துப்பாக்கியால்தான் தொடங்கி வைப்பார்கள். வெற்றுத் தோட்டா போட்ட சிறிய ரிவால்வர் அது. உடற்பயிற்சி ஆசிரியர் வலது கையை உயர்த்திச் சுடுவார். இடது கையால் இடது காதைப் பொத்திக் கொள்வார். துப்பாக்கிக்கு அடியிலேயே இருந்த வலது காதைப் பொத்த மூன்றாவது கை ஏது? அவர் எங்களோடு பேசும்போது தலையை ஒரு பக்கம் சாய்ப்பது எதற்கென்று அப்போது எங்களுக்குத் தெரியாது. இப்படிப்பட்ட துப்பாக்கிகளின் சத்தமும் 140 டெசிபெல்லைத் தாண்டுவதைப் பின்னாளில் அளந்து பார்த்திருக்கிறார்கள்.

2012-இல் லண்டன் ஒலிம்பிக் போட்டிகளில் பந்தயங்களைத் தொடங்கி வைத்தவர்களின் கையில் இருந்தது வேறு மாதிரித் துப்பாக்கி. விசையை அழுத்தினால் மின் சைகை போகும், ஒளி மின்னும், ஒவ்வொரு ஓட்டக்காரரின் பின்னாலும் வைத்திருக்கும் ஒலிபெருக்கியில் 'டுமீல்' என்று கேட்கும். அதனால் தொலைவில் நிற்கும் ஓட்டக்காரருக்கும் ஓசை தாமதமாக எட்டுவதில்லை. அந்தத் துப்பாக்கியில் வெடிமருந்து இல்லை, உருளை இல்லை, தாள் கனத்து இடுக்கும் இல்லை. சத்தம் எவ்வளவு வேண்டுமோ அவ்வளவுக்கு ஒலிபெருக்கியைத் திருகி வைத்துக் கொள்ளலாம்.